படத்தின் நடுவில் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு என் எட்டு மாத ஆராய்ச்சியின் நடுவில் தண்ணீர் வந்து நின்றது. குழாய் எதுவும் உடையவில்லை. கணினித் திரையில், நான் ஆசை ஆசையாய் வரைந்த படத்தின் நட்டநடுவில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் இருந்தது. அதற்குள் 'தண்ணீர்' என்று எழுதியிருந்தது.

இது எவ்வளவு பெரிய அவமானம் என்று புரிய வேண்டுமானால் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓர் உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கான பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கின்றன. சர்க்கரை இன்னொன்றாகும், அது வேறொன்றாகும், அப்படியே போய்க் கடைசியில் ஒரு நிறமியாகவோ நஞ்சாகவோ முடியும். நான் ஒவ்வொரு பொருளையும் ஒரு புள்ளியாக வைப்பேன். எது எதுவாக மாறுகிறதோ அவற்றுக்கு இடையில் கோடு இழுப்பேன். முழுவதும் இழுத்து முடித்தால் ஒரு வலை கிடைக்கும். எந்தக் கோட்டை அறுத்தால் எந்த வழி அடைபடும் என்று அந்த வலையைப் பார்த்துக் கணக்கிடுவதுதான் என் பிழைப்பு. அதில் நான் கெட்டிக்காரி. நானே சொல்லிக்கொள்வேன், மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை.

இந்த வேலையில் முதல் நாளே கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. வலை பின்னுவதற்கு முன்னால் தண்ணீரை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் எல்லா மாற்றத்திலும் உள்ளே வரும், வெளியே போகும். அதை விட்டுவைத்தால் எந்தப் பொருளிலிருந்தும் எந்தப் பொருளுக்கும் இரண்டே எட்டில் தண்ணீர் வழியாகப் போய்விடலாம் என்று கணினி சொல்லும். ஒரே கடையில் பால் வாங்குகிறார்கள் என்பதற்காக இரண்டு பேரை நெருங்கிய சொந்தம் என்று முடிவுகட்டுவது போலத்தான் அது. ஆகவே தண்ணீர் முதலான பதினான்கு பொதுச் சாமான்களின் பட்டியல் ஒன்று என்னிடம் உண்டு. எந்த வலையானாலும் முதலில் அந்தப் பதினான்கையும் களையெடுத்துவிடுவேன்.

களையெடுக்கத்தான் செய்தேன். ஆனால் இந்தத் தடவை இரண்டு தரவுத்தளங்களைச் சேர்த்து வலை பின்னியிருந்தேன். முதலாவதில் தண்ணீருக்கு ஓர் எண். இரண்டாவதில் வேறோர் எண். என் பட்டியலில் இருந்தது முதல் எண் மட்டும். இரண்டாவது தண்ணீர், வெறும் நான்கு இலக்க எண்ணாக, யாரோ எவரோ போல வலைக்குள் உட்கார்ந்துகொண்டு முந்நூறு பொருள்களோடு உறவாடிக்கொண்டிருந்தது. எட்டு மாதமும் நான் அதைப் பார்த்து, "இந்த ஆள் முக்கியமான ஆள் போலிருக்கே" என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

சரி, கணக்கு தப்பினால் திருத்திவிட்டுப் போகலாமே என்பீர்கள். போயிருக்கலாம், அந்தக் கணக்கை நம்பி என் நாத்தனாருக்கு வேலை கொடுக்காமல் இருந்திருந்தால்.

என் கணவருடைய தங்கை எங்கள் நிறுவனத்தில்தான் வேலை பார்க்கிறாள். நான் மூன்றாம் மாடியில் கணினி முன்னால். அவள் தரைத்தளத்துச் சோதனைக்கூடத்தில், கையில் சோதனைக் குழாயும் கிருமி வளர்க்கும் தட்டும். மருத்துவமனைக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும் ஒரு கிருமி இருக்கிறது. மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள் நிறமிதான் அதற்குக் கவசம். மஞ்சளை எடுத்துவிட்டால் கிருமி பல் பிடுங்கிய பாம்பு. என் வலை, ஒன்றை இன்னொன்றாக மாற்றிவைக்கும் நொதி ஒன்றைக் காட்டி, இதுதான் பாலம், இதை அறுத்தால் நிறமிக்குப் போகும் வழி அடைபடும் என்றது. நான் அதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய் அவளிடம் கொடுத்து, "கண்ணை மூடிட்டு அறு. தட்டு முழுக்க வெள்ளை வெளேர்னு வளரும்" என்றேன்.

அந்த நொதி செய்யும் வேலை என்ன தெரியுமா? ஒரு பொருளைத் தண்ணீரைக் கொண்டு இரண்டாக வெட்டுவது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்த வியாழக்கிழமை அவளுக்கு மதிப்பீடு. மூன்று பேர் கொண்ட குழு அவளுடைய எட்டு மாத வேலையைக் கேட்டுவிட்டு, ஒப்பந்தத்தை நீட்டுவதா, நன்றி சொல்லி அனுப்புவதா என்று முடிவு செய்யும். அந்தப் பேச்சுக்காகத்தான் அவள் என்னிடம் படம் கேட்டிருந்தாள். "படத்துல எல்லாம் நம்பரா இருக்கு அண்ணி. பேரா மாத்திக் குடுங்க. நம்பரைப் பாத்தா குழுவுல இருக்கறவங்க தூங்கிடுவாங்க" என்றாள். மாற்றினேன். எண்கள் பெயர்களாயின. நடுவிலிருந்த முக்கியமான ஆள் தண்ணீராயிற்று.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் கதவைச் சாத்தினேன். பிறகு இரண்டாவது தண்ணீரையும் எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். பாலமாக நின்ற நொதி, வரிசையில் முதலிடத்திலிருந்து நாற்பத்தொன்றாம் இடத்துக்கு இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டது.

உடனே போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாடி, அறுபத்தாறு படி. எழுந்தேன், இரண்டாம் மாடிவரை இறங்கினேன், அங்கே தண்ணீர்க் குடுவைக்கு முன்னால் நின்று ஒரு தம்ளர் குடித்தேன், திரும்பி ஏறிவிட்டேன். தப்பு என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாத வேலையை அறுபத்தாறு படியில் கற்றுக்கொள்ள முடியாது.

என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பகலில் எப்போது கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சிக்கும் தரைக்கும் நடுவில்தான் இருப்பார்.

"உங்க தங்கச்சி விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

இரும்பு உரசும் சத்தம் கேட்டது. அப்புறம், "நான் இப்போ லிஃப்ட் பெட்டி மேல நிக்கிறேன்" என்றார்.

"நான் கொடுத்த கணக்குல ஒரு சின்ன தப்பு."

உரசும் சத்தம் நின்றது. "நீயா சொல்றே?"

"வேற யாரு சொல்றா?"

"இல்ல, கேட்டேன். அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாரேன். எனக்குக் கீழ ஆள் மாட்டிக்கிட்டிருக்காங்க, வைக்கிறேன்."

யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. என் மாமியார் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர குரலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரிடம் ஒரு செய்தியைச் சொன்னால் அரைமணிக்குள் குடும்பம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிடும். நான் சாயங்காலம் அவரிடம் சொன்னால் அவர் இரவுக்குள் மகளிடம் சொல்லிவிடுவார். மகள் அழ வேண்டியதை அங்கேயே அழுது, திட்ட வேண்டியதை அங்கேயே திட்டிவிடுவாள். காலையில் நான் மீதிக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். ஒரு வலையில் எந்தப் புள்ளி வழியாகச் செய்தியை விட வேண்டும் என்பது என் தொழில் அல்லவா.

ஆறு மணிக்கு மாமியார் வீட்டில் இருந்தேன். அவர் சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, உயிரணு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவர் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார்.

"அந்த மஞ்சள் விஷயம்தானே?" என்றார்.

"எந்த மஞ்சள் அத்தை?"

"அதான் வெள்ளையாகணும்னு சொன்னியாமே, ஆகவே இல்லையே. மஞ்சளாவே இருக்கே. மூணு தடவ அறுத்தாச்சு. முதல் தடவ மார்ச்சுல, அப்புறம் மே மாசம், இப்போ போன மாசம்." வெங்காயத் தோலைத் தள்ளிவைத்தார். "மூணாவது தடவ இன்னும் நல்லா மஞ்சளா வந்துச்சாம்."

இந்த எட்டு மாதமும் வாரம் ஒருமுறை நான் நாத்தனாரிடம் "எப்படிப் போகுது?" என்று கேட்டிருக்கிறேன். "போய்க்கிட்டிருக்கு அண்ணி" என்பாள். அந்தப் பதிலை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் கண்டுபிடித்த பாலம் இடியவில்லை என்பது பேருந்து நிலையத்து அறிவிப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது, மாதத்தோடு.

"இது அவருக்குத் தெரியுமா?" என்று கணவரைப் பற்றி அத்தையிடம் கேட்டேன்.

"அவன்தானே, இன்னொரு தடவ செஞ்சு பாத்துட்டுச் சொல்லலாம்னு சொன்னான்."

"வேற யாருக்குத் தெரியும்?"

மாமியார் யோசித்தார். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கியதும் நான் போதும் என்றேன்.

"ஏன் என்கிட்ட மட்டும் சொல்லல அத்தை?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். எப்போதும் தெருக்கோடிவரை கேட்கும் குரல், அன்றைக்கு அடுப்புவரைகூடப் போகவில்லை. "உனக்குக் கோபம் வரும்ல. கீழ சோதனைக்கூடத்துல உன்னை மின்வேலின்னு சொல்றாங்களாம். நான் சொன்னேன்னு சொல்லிடாத."

நான் கோபப்படவில்லை என்று நிரூபிக்க அங்கேயே உட்கார்ந்து ஒரு கிலோ வெங்காயத்தையும் உரித்துக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

அவர்கள் சொல்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. போன வருடம் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில், புள்ளியியல்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "அந்தப் பதினாலு சாமான் பட்டியலை யாராவது சரிபாத்தாங்களா?" என்று கேட்டார். நல்ல மனிதர், சாதுவாகத்தான் கேட்டார். நான் நாற்பது நிமிடம் பதில் சொன்னேன். இப்போது அவர் வேறு துறையில் மீன் எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் என் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை காலை அறுபத்தாறு படியும் இறங்கினேன். அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். வெப்பப் பெட்டியின் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், எல்லாம் தகதகவென்று மஞ்சள். என்னைப் பார்த்ததும் காலால் கதவைச் சாத்தினாள்.

"பாத்துட்டேன்" என்றேன். "மஞ்சளாவே வருதுன்னு எனக்கும் தெரியும்."

அவள் முகம் வெளிறியது. தட்டு வெளிறியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும். "அண்ணி, இன்னும் ஒரு தடவ..."

மேசைமேல் அவளுடைய மடிக்கணினியில் வியாழக்கிழமைப் பேச்சு திறந்திருந்தது. கடைசிப் பக்கம். என் கண் அதில் போயிற்று. 'முடிவு எதிர்பார்த்தபடி அமையாததற்குச் செய்தவரின் கைத்திறன் போதாமை காரணமாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தாள். செய்தவர் என்றால் அவள். மூன்று பேருக்கு முன்னால், தன் வேலை தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், தன் வாயாலேயே இதைச் சொல்லப்போகிறாள். யாரையும் அழைக்காமல், எந்தச் சுற்றுவழியும் இல்லாமல், வாயில் வந்தபடி சொல்லிவிட்டேன்.

"உன் கையில ஒண்ணும் இல்ல. என் கணக்கு தப்பு. அது தண்ணி."

"எது தண்ணி?"

"நடுவுல இருந்தது. நான் எடுக்க மறந்துட்டேன். ரெண்டு தண்ணி இருந்துச்சு, ஒண்ணத்தான் எடுத்தேன். அந்த நொதிக்கும் மஞ்சளுக்கும் சம்பந்தமே இல்ல. நீ எத்தனை தடவ அறுத்தாலும் மஞ்சளாத்தான் வரும்."

அவள் கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக, மெதுவாக. பிறகு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் டாக்டர்கிட்ட போனேன்" என்றாள்.

"எதுக்கு?"

"கை நடுங்குதான்னு பாக்க. ரெண்டாவது தடவயும் மஞ்சளா வந்ததும் போனேன். கையை நீட்டச் சொன்னாங்க, மூக்கைத் தொடச் சொன்னாங்க, கோடு மேல நடக்கச் சொன்னாங்க. ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க. நான் நம்பல. காபி குடிக்கறத விட்டேன் அண்ணி. அஞ்சு மாசமா காபி குடிக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அப்போதுதான் வந்தது. எங்கள் குடும்பத்தில் கோபம் என் ஒருத்தியின் சொத்து என்று நினைத்திருந்தேன். அவள் எழுந்து நின்று, தண்ணீர் என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் என்னைத் திட்டினாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும் தண்ணின்னா என்னன்னு" என்றாள். "குடிக்கற தண்ணி, குளிக்கற தண்ணி, அதுக்காக நான் மூணு தடவ அறுத்தேன்" என்றாள். "எப்படிக் கேக்கறது, கேட்டவரு மீன் எண்றாரே" என்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து காபி குடிக்கப் போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திட்டு வாங்குவது இப்படித்தான் இருக்கும் போலும். காது சுடுகிறது, எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை. இதை நான் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன் என்று மனம் தானாக எண்ணத் தொடங்கியது.

கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு வாங்க. ஆனா நான் பேசி முடிக்கற வரைக்கும் வாயத் திறக்காதீங்க" என்றாள்.

அன்று மதியம் அவள் காபி குடித்தாள். இரண்டு கோப்பை.

வியாழக்கிழமை, ஜன்னலில்லாத கூட்ட அறை. குழுவில் இயக்குநர், வெளியிலிருந்து வந்த மருந்து நிபுணர் ஒரு பெண்மணி, நிர்வாக அதிகாரி. நான் பின்வரிசையில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் நேராகச் சொன்னாள். நொதியைத் தரும் மரபணுவை மூன்று தடவை தனித்தனியாக அறுத்ததைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அறுபட்டதா என்று நான்கு விதமாகச் சோதித்ததைக் காட்டினாள். தட்டுகளின் படங்கள் வந்தன: மஞ்சள், மஞ்சள், மஞ்சள். "கணக்கு சொன்னதை இந்தக் கை பொய்யாக்கியிருக்கிறது" என்றாள். கைத்திறன் போதாமை என்ற வரியைக் காணோம். அடுத்து என் படத்தைப் போட்டாள். நடுவில் பெரிய வட்டத்தில் தண்ணீர்.

மருந்து நிபுணர் முதலில் கண்ணாடியைத் துடைத்தார். அப்புறம் சிரித்தார். சிரித்து, இருமி, நிர்வாக அதிகாரி தம் தம்ளரை அவர் பக்கம் நகர்த்த, அதில் இருந்ததைப் பார்த்து மறுபடி சிரித்தார்.

இயக்குநர் சிரிக்கவில்லை. "எட்டு மாசம் வேலை நடந்திருக்கு. கீழ அனுப்பறதுக்கு முன்னாடி இந்தப் பட்டியலை யாரும் கேட்கலையா?" என்றார். கேள்வி அவளைப் பார்த்துத்தான் இருந்தது. அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேச வேண்டாம் என்று அவள் சொன்னது பேசி முடிக்கும்வரைக்குத்தான் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டு எழுந்தேன்.

"போன வருஷமே ஒருத்தர் கேட்டார்" என்றேன். "நான் அவரை மீன் எண்ண அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் யாரும் கேக்கல. இவங்க மூணு தடவ சரியா செஞ்சிருக்காங்க. தப்பு என் ஒருத்தியோடது."

சொல்லி முடித்து உட்காரும்போது நாற்காலியைத் தவறவிடப் பார்த்தேன். மருத்துவரிடம் காட்டியிருந்தால் ரத்தம் எடுத்திருப்பார்.

அரைமணி நேரம் வெளியில் காத்திருந்தோம். ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு. முடிவு வந்தது: நிரந்தரம் இல்லை, ஓராண்டு நீட்டிப்பு. இவ்வளவு சுத்தமாக ஒரு கணக்கைப் பொய்யென்று நிரூபித்த கையை விடக்கூடாது என்று மருந்து நிபுணர் சொன்னாராம். கூடவே ஒரு நிபந்தனை. இனி என் வலை எதுவும் சோதனைக்கூடத்துக்கு இறங்குவதென்றால், அதற்கு முன் அவள் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு மேலே, என் நாத்தனாரின் கையெழுத்து. நிர்வாக அதிகாரி அதைப் படிக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படித்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அவள் பென்சிலும் கோப்புமாக வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். புதிய வலை, புதிய பட்டியல், இந்தத் தடவை இருபத்தெட்டு வரிகள். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொட்டுக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது வரியில் பென்சில் நின்றது.

"அண்ணி, இத எதுக்கு எடுத்தீங்க? இது பொதுச் சாமான் மாதிரி தெரியலயே..."

சரியாகத்தான் எடுத்திருந்தேன். அதற்கு மூன்று காரணம் இருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் என் தொண்டைக்கு ஏறி வந்தன. நான் இன்னும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. என் முகத்தில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது, ஆனால் அவளுக்குத் தெரிந்தது. கேள்வியைப் பாதியில் விழுங்கிவிட்டு, "பரவால்ல அண்ணி, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கோப்பை மூடி, பென்சிலைக் காதில் செருகி, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டாள். எல்லாம் சேர்ந்து மூன்று நொடி. எட்டு மாதம் எப்படிப் போயிற்று என்பதை அந்த மூன்று நொடியில் பார்த்தேன்.

"உக்காரு" என்றேன்.

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். வராந்தாவில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

"உக்காந்து, கேட்டத முழுசா கேளு."

அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன், அவள் முதலிலிருந்து கேட்டாள்.